படிப்பும் பட்டாவும் அவள் பெயரில்

ஒரு பெண் படித்தால் ஒரு குடும்பமே படித்ததாகும். பள்ளிச் சுவரிலும் கல்லூரி ஆண்டு விழா மேடையிலும் மகளிர் நாள் வாழ்த்துகளிலும் இந்த வாசகம் தவறாமல் வந்துவிடுகிறது. கேட்டதும் கை தட்டுகிறோம். பட்டிமன்றத்தில் எந்த அணி பேசினாலும் இதைச் சொல்லித்தான் முடிக்கிறது. பெண்கல்விக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது என்பதால் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. நான் சந்தேகிக்கிறேன். நம் பெண்கள் பாதியில் படிப்பை நிறுத்துவதற்கான காரணங்களில் இந்த வாசகமும் ஒன்று என்று சொல்ல வருகிறேன்.

இதற்கு முதல் பாதி ஒன்று உண்டு: ஓர் ஆண் படித்தால் அவன் ஒருவன் மட்டும் படித்ததாகும். அதை ஆணுக்குக் குறையாகச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதுதான் சலுகை. அவன் தனக்காகப் படிக்கலாம். படித்ததை வைத்து யாருக்கும் எதுவும் செய்யாவிட்டாலும் அவன் படித்தது வீணென்று எவரும் சொல்லமாட்டார்கள். பெண்ணுக்கு அப்படியில்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருவாள், மாமியாருக்கு மருந்துச்சீட்டு படித்துக் காட்டுவாள், வீட்டுக் கணக்கு எழுதுவாள் என்று அவளால் வரப்போகும் வரவுகளைப் பட்டியல் போட்டால்தான் பள்ளிக்கூடக் கதவு திறக்கும். அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று கேட்டது பழமொழி. அந்தக் கேள்வியே தவறு என்று புதிய வாசகம் சொல்லவில்லை. அடுப்படிக்கும் படிப்பு உதவும் என்று சமாதானம்தான் சொல்கிறது.

பிறருக்காகத் தரப்படும் படிப்புக்கு ஓர் அளவு உண்டு. குடும்பத்துக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு. அந்த அளவைக் குடும்பமே முடிவு செய்யும். எட்டாவது போதும் என்றிருந்தது, பத்தாவது போதும் என்றானது, இப்போது டிகிரி போதும் என்கிறார்கள். போதும் என்ற சொல்தான் மாறவில்லை.

நான் வாழும் தருமபுரி மாவட்டத்திலிருந்து இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் எங்களுடையது. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 68.5 விழுக்காட்டினர்தாம் எழுத்தறிந்தவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 77 பேர், பெண்களில் 60 பேர். மாநில அளவில் பெண்கள் 73 பேர். 2021இல் எடுத்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்காததால், அரசாங்கத் தாளில் எங்கள் பெண்கள் வெகுகாலம் 2011இலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

இந்த மண்ணின் பழைய பெயர் தகடூர். தகடூர் என்றதும் அதியமான், அதியமான் என்றதும் ஔவை, ஔவை என்றதும் நெல்லிக்கனி. சங்கப் பாடல்களில் பெண்பாற் புலவர்களில் அதிகம் பாடியவர் ஔவை. தொண்டைமானிடம் தூது போனவர். எங்கள் மாவட்டத்தில் எந்த விழாவானாலும் அவர் பெயரைச் சொல்லாமல் யாரும் ஒலிபெருக்கியை விட்டு இறங்குவதில்லை. ஔவையைக் கொண்டாடுகிற ஊரில் ஐந்தில் இரண்டு பெண்களுக்கு ஔவை என்று எழுதத் தெரியாது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது. ஒரு பெண்ணை ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் உட்கார்த்தி வைத்துப் போற்றுவது எளிது. அவள் நம் வீட்டில் அரிசி கேட்கமாட்டாள், கட்டணம் கேட்கமாட்டாள், பேருந்து கேட்கமாட்டாள்.

இந்த விநோதம் நமக்கு மட்டும் உரியதன்று. கல்வி என்றால் ஜப்பானைப் பார் என்று சொல்லும் வழக்கம் நம் தலைவர்களுக்கு நூறாண்டுக்கு மேலாக உண்டு. பார்ப்போம், ஆனால் பெண்கள் இருக்கும் பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்போம். ஜப்பானிய இலக்கியத்தின் முடிசூடிய படைப்பான 'கெஞ்சியின் கதை'யைப் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர் முராசாகி ஷிகிபு என்ற பெண். கற்றோரின் மொழியான சீனம் ஆண்களுக்குரியது. பெண்கள் எழுதிய ஹிரகானா எழுத்துக்குப் பெயரே 'பெண் கை'. அண்ணன் தம்பிக்குச் சொல்லித்தந்த சீனப் பாடத்தைப் பக்கத்திலிருந்து கேட்டே முராசாகி கற்றுக்கொண்டார். இவள் ஆணாகப் பிறக்காமல் போனாளே என்று அப்பா வருந்தியதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயரைச் சொல்லி அந்த நாடு எண்ணூறு ஆண்டுகள் பெருமைப்பட்டது. ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கூட, ஊர்ப்புறப் பள்ளிகளான தெராகோயாக்களுக்குப் போனவர்களில் பெண்கள் சிறு பங்குதான்.

1872இல் மெய்ஜி அரசு கல்விச் சட்டம் கொண்டுவந்தது. கல்லாத வீடு ஊரில் இருக்கக்கூடாது, கல்லாத ஆள் வீட்டில் இருக்கக்கூடாது என்பது அதன் நோக்கம். பெண்களையும் அது வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் செலவை மக்கள் தலையில் கட்டியது. கோபம் கொண்ட உழவர்கள் சில இடங்களில் பள்ளிகளையே கொளுத்தினார்கள். 1873இல் பள்ளி வயதுச் சிறுமியரில் நூற்றுக்குப் பதினைந்து பேர்தான் பள்ளிக்குப் போனார்கள். சிறுவர்களில் நாற்பது பேர். 1890இல்கூடச் சிறுமியர் 31. மற்ற பெண் குழந்தைகள் எங்கே? தம்பி தங்கையை முதுகில் கட்டிக்கொண்டு பிறர் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்றே 'கொமோரி' பள்ளிகள் என்று தனியாகத் தொடங்கவேண்டியிருந்தது. முதுகில் குழந்தை தூங்க, கையில் எழுத்து.

பெற்றோரை இணங்க வைக்க அரசு கண்ட வழிகளில் ஒன்று தையல். 1893இல் கல்வி அமைச்சகம் ஓர் ஆணை அனுப்பியது: பெண்கள் வரவில்லையென்றால் அவர்களுக்குத் தையல் வகுப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். 1899இல் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளிச் சட்டம் வந்தது. அதன் உயிர்க்கொள்கை 'ரியோசாய் கென்போ', அதாவது நல்ல மனைவி, விவேகமுள்ள தாய். 1900இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தையும் எடுத்தார்கள். 1910இல் நூற்றுக்கு 97 சிறுமியர் பள்ளியில் இருந்தார்கள். உலகம் வியந்தது. நம்மவர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டுவது இந்த 97ஐத்தான்.

அந்த 97 பேருக்கும் அரசியல் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கும் உரிமைகூட 1922 வரை கிடையாது. வாக்களித்தது 1946இல். பேரரசுப் பல்கலைக்கழகங்களில் தொஹோக்கு மட்டும் 1913இல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கதவு போருக்குப் பிறகுதான் திறந்தது. நல்ல மனைவிக்கு அதற்குமேல் எதற்கு? பழங்கதை என்று நினைக்கவேண்டாம். 2018இல் தோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வில் பெண்களின் மதிப்பெண்ணைப் பல ஆண்டுகளாகத் திட்டமிட்டுக் குறைத்து வந்தது அம்பலமானது. பெண் மருத்துவர்கள் கல்யாணம், பிள்ளைப்பேறு என்று வேலையை விட்டுவிடுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். குடும்பத்துக்காகப் படி என்று பள்ளிக்குள் அழைத்த அதே வாய், உனக்குத்தான் குடும்பம் இருக்கிறதே என்று மருத்துவக் கல்லூரி வாசலில் நிறுத்துகிறது. எந்தக் காரணத்தைச் சொல்லி உள்ளே விடுகிறார்களோ அதையே சொல்லி வெளியே அனுப்புவார்கள். ஜப்பானிடமிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் இது.

நம் ஆட்கள் கற்றது வேறு. இந்தியாவில் கட்டாயக் கல்வி கேட்டுப் போராடிய கோபால கிருஷ்ண கோகலே ஜப்பானை எடுத்துக்காட்டியவர்தான். 1911இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வி மசோதா முதற்கட்டமாக ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். பெண்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றது. அதையும் 1912இல் சட்டமன்றத்தில் 38க்கு 13 என்று தோற்கடித்தார்கள். தோற்றுப்போன கனவில்கூட நமக்கு இரண்டாம் பந்திதான்.

வேர் அதற்கும் முன்னால், எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1792இல் திப்புவிடமிருந்து பாரமகாலைப் பிடுங்கிய கும்பினி, வரி கட்ட நிலத்தை அளக்க அலெக்சாண்டர் ரீடையும் அவருக்குத் துணையாகச் சிலரையும் அனுப்பியது. அவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை இந்தப் பகுதியில் வேலை பார்த்தவர், தருமபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தவர். பின்னாளில் சென்னை ஆளுநரானதும் 1822இல் மாகாணத்துப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் தொகுத்த கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே நம்மிடம் ஊருக்கு ஊர் பள்ளி இருந்தது என்று பெருமை பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் எடுக்கிறார்கள். தரம்பால் 1983இல் இதைத் தொகுத்து 'அழகிய மரம்' என்று நூலே வெளியிட்டார். திண்ணைப் பள்ளியில் சூத்திரச் சாதிப் பிள்ளைகளும் படித்தார்கள் என்று அவர் காட்டியது முக்கியமான செய்திதான். ஆனால் அதே கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. ஆண்கள் 1,84,110. பெண்கள் 4,540. நூற்றுக்கு இரண்டரைப் பேர்கூட இல்லை. அழகிய மரம்தான், அதன் நிழலில் பெண் பிள்ளை உட்காரவில்லை.

அந்தச் சிலரிலும் ஆடல் பெண்டிராக வளர்க்கப்பட்டவர்கள் கணிசம். எழுத்தறிவு நாட்டியப் பெண்களுக்கே ஏற்றது, மற்றப் பெண்களின் அடக்கத்துக்கு இழுக்கு என்று பொதுவாகக் கருதப்பட்டதை மன்றோவே எழுதிவைத்தார். அதாவது குலப்பெண் என்பதற்கு அடையாளம் எழுதத் தெரியாமல் இருப்பது. எழுதத் தெரிந்தவள் என்றால் அவள் நடத்தைமீது சந்தேகம். செல்போன் வைத்திருக்கும் மாணவியைப் பற்றி இன்று ஊர் பேசும் பேச்சைக் கேட்டால், இருநூறு ஆண்டில் கருவி மட்டும்தான் மாறியிருக்கிறது என்று தெரியும்.

சுதந்திரம் வந்தது. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி தொடக்கப் பள்ளியை அரைநாளாக்கினார். அவரும் எங்கள் பக்கத்தவர்தான். பிறந்த தொரப்பள்ளி இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். மீதி அரைநாள் பையன் அப்பனின் தொழிலைப் பழகவேண்டும். அது குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954இல் காமராஜர் வந்து அதை எடுத்தார். பையனுக்கு அப்பன் தொழில் என்றபோது, பெண்ணுக்கு அம்மாவின் அடுப்படி என்று அதே திட்டம் சொன்னது. பெண்ணின் குலக்கல்வி அது. அதற்காகத் தனியாக யாரும் கொதித்ததாக நம் பாடநூல்கள் சொல்வதில்லை. பையனின் அரைநாள் போனது. பெண்ணின் அரைநாள் இன்னும் போகவில்லை. என் வகுப்பில் முதல் மணிக்குத் தாமதமாக வருகிற பெண்களைக் கேட்டால் தண்ணீர், மாடு, தம்பி, சமையல் என்று வரிசையாகச் சொல்வார்கள். அவர்களுடைய அண்ணன்மார் தாமதத்துக்குச் சொல்லும் காரணங்களில் மாடு வருவதில்லை.

1989க்கு வருவோம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பெண்களுக்கு இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு கேட்டது அறுபது ஆண்டு கழித்துக் கிடைத்தது. அதிலும் 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமானவளுக்குக் கிடையாது என்று ஒரு முள். இன்னொன்று, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம். குறிப்பிட்ட வகுப்புவரை படித்த பெண்ணின் கல்யாணத்துக்கு அரசு பணம் தரும். 2011இல் தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் சேர்ந்தது. 2016இல் எட்டு கிராம். பத்தாவது படித்தவளுக்கு ரூ.25,000, பட்டம் பெற்றவளுக்கு ரூ.50,000. தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடிய ஒரு பெண்ணின் பெயரில், படிப்பைத் தாலியில் கொண்டுபோய்க் கட்டினோம்.

இரண்டில் எது ஊருக்குள் போய்ச் சேர்ந்தது? தாலித் தங்கம் எவ்வளவு என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மனப்பாடம். பங்குச் சட்டம் பற்றி எந்தப் பள்ளிச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. அப்பா சொத்தில் உனக்குப் பங்குண்டு என்பதை ஏழாம் வகுப்புப் பெண் வாசித்துவிடுவாள் என்ற பயம், அவள் குடும்பத்தைப் படிக்க வைப்பாள் என்ற ஆசையைவிடப் பெரியது.

2022இல் அந்தத் திட்டம் 'புதுமைப் பெண்' ஆனது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் இருக்கும்வரை மாதம் ரூ.1,000 அவள் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. இதை மனமார வரவேற்கிறேன். கல்யாணத்துக்குப் போன பணம் படிப்புக்குத் திரும்பியது சிறிய மாற்றம் அன்று. அவள் பெயரில், அவள் கையில், இப்போதே வருகிறது. என் மாணவிகள் அதில் பேருந்துக்கும் நகலெடுக்கவும் நாப்கினுக்கும் செலவழிக்கிறார்கள். அதில் ஒருத்தி வளையல் வாங்கினாள் என்று என்னிடம் குறைசொல்ல வந்தார் ஒருவர். ஆண் பிள்ளையின் பாக்கெட் பணத்துக்கு இப்படி யாராவது கணக்குக் கேட்டதுண்டா?

இந்த இடத்தில் தோழிகள் மறுப்பார்கள். வாசகம் எப்படியிருந்தால் என்ன, அதைச் சொல்லித்தானே பெற்றோரிடம் பேச முடிகிறது, பிள்ளை பள்ளிக்கு வந்தால் போதாதா என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம் பெண்களைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது உண்மையில் எது? 1982இல் விரிந்த சத்துணவு கொண்டுவந்தது. தம்பியை இறக்கிவைக்க இடம் தந்த பால்வாடி கொண்டுவந்தது. 2001 முதல் பட்டியலின, பழங்குடி மாணவியருக்கும் பிறகு எல்லாருக்கும் வந்த சைக்கிள் கொண்டுவந்தது. விடுதியும் கழிப்பறையும் பெண் ஆசிரியரும் கொண்டுவந்தார்கள். அறிவொளி இயக்கத்தில் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்களே, குடும்பத்துக்கு நல்லது என்றா கற்றார்கள்? ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சந்தோஷம் என்று. எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தபோதுதான் அந்த இயக்கம் பெண்களுடையதாயிற்று. சோறும் சக்கரமும் செய்த வேலைக்கு வாசகம் பெயர் வாங்கிக்கொண்டது.

வாசகம் செய்தது வேறு வேலை. குடும்பத்தின் நன்மைதான் கணக்கு என்றால், கணக்கு எந்தப் பக்கமும் திரும்பலாம். மூன்றாண்டு நூற்பாலையில் இரு, முடிவில் மொத்தமாகப் பணம் தருகிறோம், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று மேற்கு மாவட்ட ஆலைகளுக்குத் தரகர்கள் சிறுமிகளை அழைத்துப் போன திட்டத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள்? சுமங்கலி. குடும்பத்துக்காகப் படிக்கலாம் என்றால் குடும்பத்துக்காகப் படிப்பை விடவும் செய்யலாம். வறட்சி வந்தால், அப்பா பெங்களூருக்கு வேலைக்குப் போனால், நல்ல வரன் வந்தால், முதலில் நிற்பது எந்தப் படிப்பு என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

2000 பிப்ரவரி 2 அன்று, தருமபுரியை ஒட்டிய இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் பேருந்தைக் கட்சிக்காரர்கள் கொளுத்தினார்கள். தங்கள் தலைவிக்கு நீதிமன்றம் தண்டனை விதித்த கோபம். மூன்று மாணவிகள் எரிந்து செத்தார்கள். தூக்கு விதிக்கப்பட்ட மூவரின் தண்டனை 2016இல் ஆயுளாகக் குறைந்தது. 2018இல் வெளியே வந்துவிட்டார்கள். அந்த நெருப்புக்குப் பிறகு ஆண் பிள்ளைகளைக் கட்சிக் கூட்டத்துக்கு அனுப்பாதீர்கள் என்று எந்த ஊரிலும் யாரும் சொல்லவில்லை. பெண்ணைச் சுற்றுலா அனுப்பாதே, தூரத்துக் கல்லூரியில் சேர்க்காதே என்றார்கள். கொளுத்தியவன் கையை விட்டுவிட்டுப் படித்தவள் காலைக் கட்டினார்கள். பெண்ணின் படிப்பு அவள் உரிமையாக இல்லாமல் வீட்டின் முதலீடாக இருக்கும்வரை, ஆபத்து வந்ததும் முதலீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது, அந்த வாசகத்துக்குள் வரவே வராத கூட்டம். அந்த 60 போக மீதி 40 பேர். பெரும்பாலும் நடுவயது தாண்டிய பெண்கள், நம் அம்மாக்கள், ஆயாக்கள். பிள்ளைகள் வளர்ந்தாயிற்று, பேரன் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறான். இவர் படித்து எந்தக் குடும்பத்தைப் படிக்க வைக்கப்போகிறார்? வாசகத்தின் கணக்குப்படி இவருக்கு எழுத்து தேவையில்லை. அதனால்தான் முதியோர் கல்வி என்று எது வந்தாலும் கையெழுத்தோடு முடிந்துபோகிறது. நூறு நாள் வேலைப் பதிவேட்டிலும் மகளிர் குழுக் கடன் தாளிலும் கைநாட்டு வைத்தவர் பெயரெழுதப் பழகினார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்தவர் ஏமாந்தால், இனி தெரியாமல் வைத்தேன் என்று சொல்லவும் முடியாது.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை எளியவை. சித்தேரியிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் கல்லூரிக்கு இறங்கி வரும் பெண்ணுக்கு, வகுப்பு விட்டதும் ஊர் திரும்பப் பேருந்து. ஒவ்வொரு வட்டத்திலும் கல்லூரி மாணவியருக்கு விடுதி. கல்யாணமாகி நின்றுபோனவள் திரும்பி வந்தால், யார் அனுமதித்தார்கள் என்று கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி. அம்பது வயதுக்காரி கதை படிக்க, செய்தித்தாள் படிக்க, சும்மா படிக்க ஊர் நூலகத்தில் ஓர் இடமும் அவளுக்கென்று ஒரு நேரமும். பள்ளிச் சுவரில் வாசகம் கட்டாயம் வேண்டுமென்றால், வாரிசுரிமைச் சட்டத்தை எழுதுங்கள். எந்த வயதில் கல்யாணம் செய்தால் குற்றம் என்று எழுதுங்கள். புகார் சொல்ல 1098 என்று எழுதுங்கள்.

இதைப் படிக்கும் மாணவிக்கு ஒரு வார்த்தை. ஏன் மேலே படிக்கிறாய் என்று அடுத்த முறை யாராவது கேட்டால், தம்பியையும் வரப்போகும் பிள்ளையையும் சாட்சிக்குக் கூப்பிடாதே. எனக்குப் படிக்கவேண்டும் என்று சொல். அதற்கு மேல் ஒரு காரணம் கேட்டால், உன் அண்ணன் என்ன காரணம் சொன்னான் என்று கேள்.